சில்லுமேட்டில் எங்கள் பேர்

கோட்டைச்சாமி அண்ணனின் பேர் குழியிலிருந்து வெளியே வந்த அன்றைக்கு அவர் உயிரோடுதான் இருந்தார், குழிக்குக் கூப்பிடு தூரத்தில் தவசியின் டீக்கடையில் உட்கார்ந்து உளுந்துவடையைப் பிட்டுத் தின்றுகொண்டிருந்தார், அவர் பேர் எழுதிய பானை உடைந்து ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேலாகிறது என்று பின்னாடிதான் சொன்னார்கள். சல்லடையில் மண்ணைச் சலித்து அந்தச் சில்லைக் கையில் எடுத்தவள் நான்தான், முத்துராக்கு. பழைய எழுத்தெல்லாம் எனக்குத் தெரியாது. கோழி கிளறின மாதிரி ஏதோ கீறியிருக்கிறதே என்று தண்ணீரில் அலசி ஆபீசரம்மாவிடம் நீட்டினேன். ஆபீசரம்மா நிறைமதி சென்னையிலிருந்து தோண்டுகிற வேலையைப் பார்க்க வந்தவர், எந்த வெயிலிலும் சிரித்த முகமாக இருக்கிறவர். அதை எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படித்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு, இந்த ஊரில் கோட்டைச்சாமி என்று யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். இருக்காரே, அந்தா வடை திங்கிறாரே என்றேன்.

கொம்படியேந்தலுக்குக் கிழக்கே இருக்கிற அந்த மேட்டுக்குச் சில்லுமேடு என்று பேர், காலால் கிளறினாலே ஓட்டாஞ்சில்லு வரும், நாங்களெல்லாம் சின்னப்பிள்ளையில் அங்கே பொறுக்கின சில்லை வைத்துத்தான் பாண்டி ஆடினோம், ஆடி முடித்ததும் எங்கே எறிந்தோம் என்று யாருக்கும் நினைப்பில்லை. அரசாங்கம் வந்து கயிறு கட்டிச் சதுரம் சதுரமாகக் குழி எடுக்க ஆரம்பித்ததும் ஊரில் பாதிப் பேருக்கு அங்கேதான் வேலை. கோட்டைச்சாமி அண்ணனுக்கு அடுத்தபடியாகத் தவசி பேர் வந்தது, அதற்கப்புறம் சத்துணவு சமைக்கிற பஞ்சவர்ணத்தின் பேர், அப்புறம் மாயழகு பேர். ஊரில் மாயழகு ரெண்டு பேர் இருக்கிறார்களே, எந்த மாயழகு என்று கேட்டதற்கு ஆபீசரம்மா பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, நெட்டை மாயழகு என்று போட்டிருக்கிறது என்றார். அதற்குமேல் யாரும் சந்தேகம் கேட்கவில்லை.

ஆனால் ஆபீசரம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நாங்கள்தான் ஆணியால் கீறி மண்ணுக்குள் போட்டுவிட்டு எடுக்கிறோம் என்று நினைத்தார், குழிக்குக் காவல் போட்டார், சாப்பிடப் போகும்போது எங்கள் முந்தானையை உதறிக் காட்டச் சொன்னார், அப்படியும் நம்பிக்கை வராமல் சில்லுகளைப் பொட்டலம் கட்டி எங்கேயோ பெரிய பரிசோதனைச் சாலைக்கு அனுப்பினார். பானையும் பழசு, கீறலும் பழசு, கீறலுக்குள் இருக்கிற அழுக்கும் பழசு என்று அங்கிருந்து பதில் வந்தது. அன்றையிலிருந்து அவர் எங்களைத் திருடர்களைப் பார்க்கிற மாதிரிப் பார்க்காமல் வேறு மாதிரிப் பார்த்தார், திருடர்களைப் பார்க்கிற பார்வையே தேவலாம் போலிருந்தது.

எங்களுக்கு ஆச்சரியமெல்லாம் நாலு நாளைக்குத்தான். காய்ச்சலும் கல்யாணமும் கரண்ட் கட்டும் இருக்கிற ஊரில் எதைத்தான் அதிக நாள் ஆச்சரியப்பட முடியும்? அப்புறம் அது ஓட்டர் லிஸ்ட் மாதிரி ஆகிப்போனது. வேலை விட்டு வரும்போது வழியில் மறித்து, ஏத்தா ராக்கு, எங்க வீட்டு ஆளு பேரு வந்துருச்சா என்று கேட்பார்கள். வந்துவிட்டது என்று சொன்னால் போதும், அந்த மனுசன் மறுநாள் நடக்கிற நடையே வேறு, என்னமோ அரண்மனையிலிருந்து ஆளனுப்பின மாதிரி. வராதவர்களுக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டுக்கு ஒரு பேர்தான் வந்தது, புருஷன் பேரோ பெண்டாட்டி பேரோ எதுவோ ஒன்று, அதிலும் எந்தப் பேர் வந்தது என்று வீட்டுக்குள்ளேயே சண்டை. எங்கள் வீட்டுக்கு என் பேர் வந்தது. என் வீட்டுக்காரர் அன்றைக்கு என்னோடு பேசவில்லை, குழம்பில் உப்பு இல்லை என்று மட்டும் சொன்னார்.

இவ்வளவோடு போயிருந்தால் நல்லது. ஆபீசரம்மா ஒருநாள் தவசி கடையில் டீ குடித்துக்கொண்டே உலகத்துக் கதையெல்லாம் சொன்னார். பாபிலோன் என்கிற ஊரில் ராஜா செங்கல்லில்கூடத் தன் பேரைக் குத்தி வைத்தானாம், எகிப்தில் செத்துப்போன ராஜாவோடு புதைத்த ஜாடியிலும் அவன் பேர் இருக்குமாம், கடலுக்கு அந்தப்பக்கம் மாயா என்று ஒரு சனம், அவர்களில் பெரிய மனுசர்கள் தாங்கள் குடிக்கிற கோப்பையிலேயே இது இன்னாருடைய கோப்பை என்று எழுதி வைப்பார்களாம். அங்கேயெல்லாம் ராஜாவும் பிரபுவும்தான், உங்கள் மண்ணில்தான் சாதாரண சனங்களின் பேர் கிடைக்கிறது, நீங்கள் பெருமைப்பட வேண்டும் என்று முடித்தார். அவர் சொன்னதில் பெருமையை நாங்கள் கீழே விட்டுவிட்டு மற்றதை மட்டும் முடிந்துகொண்டு வந்தோம். பேர் எழுதியிருந்தால் அது அவனுக்குச் சொந்தம், அவ்வளவுதான் எங்கள் மண்டையில் ஏறியது.

அப்புறம் பாருங்கள் கூத்தை. பஞ்சவர்ணத்தின் பானை தவசியின் பானைக்கு அடியில் கிடந்ததாம், அதெப்படி அவள் பானை அவனுடையதோடு போகும், இரவல் வாங்கிவிட்டுத் திருப்பிக் கொடுக்கவில்லை என்றுதானே அர்த்தம் என்று பஞ்சவர்ணம் டீக்கடை வாசலில் நின்று கேட்டாள். தவசி இந்த ஜென்மத்தில் நான் உன்னிடம் ஒரு கரண்டிகூட வாங்கியதில்லை என்றான். இந்த ஜென்மத்தைப் பற்றி யார் கேட்டது என்றாள் அவள். உறை மோருக்குப் போனால் கதவு திறக்கவில்லை, அரைப்படி அரிசி கொடுத்த பாத்திரத்தை வாசலிலேயே நின்று திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள், பக்கத்து வீட்டில் குக்கர் சத்தம் கேட்டால் அது யார் வீட்டுக் குக்கர் என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டோம். ரெண்டாயிரம் வருஷமாகத் திருடுபோன சாமான் ஒவ்வொருவர் வீட்டிலும் இருக்கிறது என்று ஒவ்வொருவரும் நம்பினோம்.

அந்த நேரம் பார்த்து ஆபீசரம்மா இன்னொன்றைக் கண்டுபிடித்தார். அந்தப் பானைகள் ஊர் முழுக்கச் சிதறிக் கிடந்தவை இல்லை, எல்லாம் ஒரே தரையில் கிடந்தவை, அது ஒரு வீடு, சின்ன வீடு, இந்தா அடுப்பு இருந்த இடம், இந்தா வாசல்படி என்று குச்சியால் கோடு போட்டுக் காட்டினார். குழியின் விளிம்பில் நின்று ஊரே எட்டிப் பார்த்தது. நம்ம பானையெல்லாம் ஒரே வீட்டில் எப்படி வந்தது என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. கோட்டைச்சாமி அண்ணனின் பெண்டாட்டி இருளாயி மதினிதான் கேட்டது, கேட்டதோடு பதிலையும் சொன்னது. ஊர்ப் பாத்திரத்தையெல்லாம் ஒருத்தி ஒரே வீட்டில் கொண்டுபோய் அடுக்கியிருக்கிறாள் என்றால் அவளுக்கு என்ன பேர்? அவள் பேர் எந்தப் பானையில் இருக்கும்? எதிலும் இருக்காது. திருடினவள் எங்கேயாவது தன் பேரை எழுதுவாளா?

எங்கள் ஊரில் பேர் வராத வீடு ஒன்றே ஒன்றுதான் பாக்கி இருந்தது, வெள்ளத்தாயி வீடு.

வெள்ளத்தாயி எங்கள் ஊர்க்காரி இல்லை. கண்மாய் உடைந்து வெள்ளம் வந்த வருஷம் இடுப்பில் ஒரு கைக்குழந்தையோடு முழங்கால் தண்ணீரில் நடந்து வந்தவள், எந்த ஊர் என்று கேட்டதற்குக் கிழக்கே என்று கை காட்டினாள், கிழக்கே சில்லுமேட்டைத் தவிர ஒன்றும் இல்லை, பேர் என்ன என்றால் நீங்க கூப்பிடுறதுதான் என்றாள், அதனால் வெள்ளத்தோடு வந்தவளை வெள்ளத்தாயி என்று கூப்பிட்டோம். மேட்டுச் சரிவில் ஒரு குடிசை போட்டுக்கொண்டாள். ஊரில் எந்த விசேஷம் என்றாலும் அண்டா குண்டாவெல்லாம் புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, யார் யார் வீட்டில் வாங்கியதோ அந்தந்த வீட்டில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது அவள் வேலை. பாத்திரத்தில் வெட்டியிருக்கிற பேரைப் படிக்க அவளுக்குத் தெரியாது, கையில் வாங்கி ஒரு சுற்றுச் சுற்றுவாள், இது பஞ்சவர்ணம் வீட்டுது, இது மாயழகு வீட்டுது என்பாள், ஒரு கரண்டி மாறினதில்லை. இத்தனை வருஷமாக அதை நாங்கள் நல்ல குணம் என்றுதான் நினைத்திருந்தோம். படிக்கத் தெரியாதவளுக்கு எப்படித் தெரிந்தது என்று இப்போது கேட்டோம், கேட்டதும் எல்லாருக்கும் முதுகில் ஜில்லென்றது.

இதில் ஒரு கல்யாணம் வேறு சிக்கிக்கொண்டது. வெள்ளத்தாயியின் மகள் செவ்வந்திக்கும் இருளாயி மதினியின் மகன் அழகுராசாவுக்கும் பிரியம், ஆவணியில் முகூர்த்தம் குறித்து ஐயனார் கோயிலில் பூவும் வைத்தாகிவிட்டது. மதினிக்கு ஆதியிலிருந்தே அதில் மனசில்லை, ஊர் பேர் தெரியாதவள் மகளா என் மருமகள் என்று உள்ளுக்குள் புகைந்துகொண்டிருந்தது, மகன் பிடிவாதம் பிடித்ததால் வாயை மூடிக்கொண்டிருந்தது. இப்போது ரெண்டாயிரம் வருஷத்துச் சாட்சி கிடைத்தால் விடுமா? கல்யாணத்தை நிறுத்து, ஊர்க் கூட்டம் போடு என்று அண்ணனைப் பிடித்து உலுக்கியது. அந்தப் பெண் செவ்வந்தி என்னோடு சல்லடை பிடிக்கிறவள், ஒவ்வொரு சில்லாகக் கழுவிக் கழுவி, அத்தே, இதுலயாச்சும் எங்கம்மா பேரு இருக்குமா அத்தே என்று என்னைக் கேட்பாள். எனக்கு அழுகை வரும், ஆனாலும் அவளுக்குப் பக்கத்தில் என் தூக்குச்சட்டியை வைக்க மாட்டேன். அப்படித்தான் ஆகியிருந்தோம்.

ஐயனார் கோயில் மரத்தடியில் கூட்டம் கூடியது. யாரும் யார் பக்கத்திலும் ஒட்டி உட்காரவில்லை. கோட்டைச்சாமி அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு சுற்றி வளைத்து ஏதேதோ பேசினார், உலகம் ரொம்பப் பழசு என்றார், மண்ணுக்கு மறதி கிடையாது என்றார், கடைசியில் விஷயத்துக்கு வந்தார். ஊர்ப் பாத்திரமெல்லாம் ஒரே வீட்டில் கிடந்திருக்கிறது, அந்த வீட்டுக்காரி பேர் எதிலும் இல்லை, உன் பேரும் எதிலும் இல்லை, ஊர் சந்தேகப்படுகிறது, நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டார். வெள்ளத்தாயி அழவில்லை, சத்தியம் பண்ணவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. மேட்டுப் பக்கம் கையைக் காட்டினாள்.

"அது என் வீடாவே இருந்தாலும் இருக்கலாம்ண்ணே. பானையெல்லாம் எப்படி வந்துச்சுன்னுதான் எனக்கு ஞாபகம் இல்ல."

இதைவிட மோசமான பதிலை அவள் சொல்லியிருக்க முடியாது. கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது, பெண்களெல்லாம் மடியில் எதையோ இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள், மடியில் ஒன்றும் இல்லாதவர்களும் பிடித்துக்கொண்டார்கள். கல்யாணம் நின்றது. அறுப்பு முடிந்ததும் மகளைக் கூட்டிக்கொண்டு ஊரைவிட்டுப் போய்விட வேண்டும் என்று பேச்சானது. அழகுராசா எழுந்து நேராக நடந்து போய் வெள்ளத்தாயி குடிசை வாசலில் உட்கார்ந்தவன் சாப்பாட்டுக்குக்கூட வீட்டுக்கு வரவில்லை.

கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்த எனக்கு ஒரு கெட்ட புத்தி. இத்தனை வருஷத்தில் வெள்ளத்தாயி என் வீட்டில் எதையாவது அமுக்கியிருப்பாளோ என்று பரண்மேல் இருந்த பாத்திரத்தையெல்லாம் இறக்கி வாசலில் பரப்பிவிட்டு ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன், எல்லாவற்றிலும் பேர் வெட்டியிருக்கும், காணாமல் போனது எது என்று பேரை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைப்பு. குடத்தைத் திருப்பினேன், என் பெரியம்மா பேர். சருவச்சட்டியைத் திருப்பினேன், என் தாய்மாமன் பேர். தாம்பாளத்தில் எங்கள் சம்பந்திக்காரர்கள் பேர், இட்லிச்சட்டியில் பஞ்சவர்ணத்தின் பேர், பெரிய அண்டாவில் கோட்டைச்சாமி இருளாயி என்று புருஷன் பெண்டாட்டி பேர் ரெண்டும் சேர்த்து, கொம்படியேந்தல் என்று ஊர் பேரும் போட்டு. ஒவ்வொரு பாத்திரத்திலும் வேறு வேறு வீட்டுப் பேர். என் பேர் ஒன்றில்கூட இல்லை. வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன், உடம்பெல்லாம் வெட்கத்தில் எரிந்தது.

அண்டாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு பட்டப்பகலில் தெரு வழியாக மதினி வீட்டுக்குப் போனேன். மதினி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தது, நிமிர்ந்து என்னைப் பார்த்தது, அண்டாவைப் பார்த்தது, என்ன இது திருப்பிக் கொடுக்க வந்தியா என்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டது. நான் அண்டாவை அதன் முன்னால் நங்கென்று வைத்தேன்.

"மதினி, இதுல உங்க பேரு இருக்கு. இதை நான் திருடிட்டேனா?"

"என்னடி ஒளர்ற? உன் கல்யாணத்துக்கு உங்கண்ணன் செஞ்ச சீருல்ல இது."

"அப்ப என் பேரு எங்க மதினி? என் வீட்டுப் பாத்திரத்துல என் பேரை எவ மதினி எழுதி வச்சா?"

மதினி கீரையைக் கீழே வைத்தது. எழுந்து உள்ளே போனது, பாத்திரங்களைத் திருப்பிப் பார்க்கிற சத்தம் கேட்டது, ஒன்று, இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. கொடுத்தவர் பேரைத்தானே நாம் வெட்டுகிறோம், வாங்கினவள் பேரை எந்தக் காலத்தில் யார் வெட்டினார்கள், குழியில் வீட்டுக்கு ஒரு பானைதான் வந்திருக்கிறது, ரெண்டு பானை கொடுத்த வீடு ஒன்றுகூட இல்லை, அப்படி ஊரோடு சேர்ந்து எப்போது கொடுப்போம் என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மதினி வெளியே வந்தபோது முகம் வெளுத்துப் போயிருந்தது.

"அப்ப அது திருடி வீடு இல்லயா ராக்கு? கல்யாண வீடா?"

எங்கள் ஊரில் மன்னிப்புக் கேட்கிற வழக்கம் கிடையாது, தப்புச் செய்தவர் எதிராளி வீட்டு வாசலுக்குப் போய்த் தண்ணீர் கேட்டுக் குடிப்பார், அதோடு தீர்ந்தது. அன்றைக்குச் சாயங்காலம் இருளாயி மதினி சில்லுமேட்டுச் சரிவில் ஏறிப் போய்த் தன் மகன் உட்கார்ந்திருந்த வாசலில் தானும் உட்கார்ந்து, தாகமாக இருக்கிறது என்று சொன்னதை ஊர் முழுக்கக் கேட்டது. செவ்வந்தி செம்பில் கொண்டுவந்தாள். மதினி அந்தச் செம்பில் யார் பேர் என்று திருப்பிப் பார்க்காமல் குடித்தது, எங்கள் ஊரில் அந்தச் சமயத்தில் அது பெரிய விஷயம்.

அதோடு நின்ற கல்யாணம் மறுபடி உறுதியானது, சீர் செய்வதைப் பற்றி மட்டும் யாரும் யாரிடமும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. நான் மட்டும் சத்தமில்லாமல் பஸ் ஏறி டவுனுக்குப் போனேன், பாத்திரக்கடையில் பித்தளைப் பானை ஒன்றைத் தேர்ந்து பேர் வெட்டக் கொடுத்துவிட்டுத் திரும்பினால், பின்னாடி மிஷின் கிர்ரென்று ஓடிக்கொண்டிருக்க, நெட்டை மாயழகு உத்தரத்தில் தலை இடிக்காமல் குனிந்து நிற்கிறான். அவனுக்கு அந்தப் பக்கம் பஞ்சவர்ணம், பஞ்சவர்ணத்தோடு பேச மாட்டேன் என்று சொன்ன தவசி, இப்படி ஊரே வரிசையில் நிற்கிறது, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல், உன் பாத்திரம் பெரிசா என் பாத்திரம் பெரிசா என்று ஓரக்கண்ணால் மட்டும் பார்த்துக்கொண்டு. வரிசையின் கடைசியில் நின்ற இருளாயி மதினியிடம், எதுக்கு மதினி வந்தீக என்று கேட்டேன். ஒரு கரண்டி வாங்க வந்தேன் என்றது மதினி, ஆள் உட்கார்ந்து குளிக்கிற அளவுக்கு ஓர் அண்டாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. சந்தேகம் என்கிற வியாதி ஒரே நாளில் போகுமா என்ன?

அதற்கப்புறம் குழியில் பேர் வருவது நின்றுபோனது. கடைசியாக வந்த ஒரு சில்லை ஆபீசரம்மா படித்துப் பார்த்துவிட்டுப் பெட்டியில் போடாமல் தன் பைக்குள் போட்டுக்கொண்டார், நான் பார்த்தேன். யார் பேரும்மா என்று கேட்டதற்குத் தேய்ந்து போயிருக்கிறது, படிக்க முடியவில்லை என்றார். கல்யாணத்துக்கு முதல்நாள் அவரும் ஒரு குடம் வாங்கிக்கொண்டு வந்து நின்றார், அதில் நிறைமதி என்று பளபளவென்று வெட்டியிருந்தது, சென்னைக்காரிக்கு இந்த வழக்கத்தை யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று எனக்கு இன்றுவரைக்கும் விளங்கவில்லை.

ஆவணி முகூர்த்தத்தன்று காலையில் ஊரே தலையில் பாத்திரத்தோடு சில்லுமேட்டில் ஏறியது, முன்னால் மேளம், பின்னால் நாங்கள், குழிகளைச் சுற்றி, கயிறுகளைத் தாண்டி, வெயிலில் கண்ணைக் கூசவைக்கிற பித்தளையும் எவர்சில்வரும். வெள்ளத்தாயி வாசலில் புதுப்புடவையில் நின்றிருந்தாள். எப்படி நின்று வாங்க வேண்டும் என்று யாரும் சொல்லாமலே அவளுக்குத் தெரிந்திருந்தது. ஒவ்வொரு பாத்திரமாகக் கையில் வாங்கி, பேரைப் பார்க்காமல், ஒரு சுற்றுச் சுற்றினாள். இது தவசிண்ணன் வீட்டுது, இது பஞ்சவர்ணம் வீட்டுது, இது ராக்கு வீட்டுது என்றாள். கடையிலிருந்து புதுசாக வந்த பாத்திரம், விலைச் சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை, அவள் கை அதில் பட்டதே இல்லை. அப்போதும் நான் அவளைச் சந்தேகமாகத்தான் பார்த்தேன். இருளாயி மதினி கடைசியாகத் தன் அண்டாவைக் கொண்டுவந்தது, செவ்வந்தி ஓடிவந்து மாமியாருக்கு ஒரு கை கொடுத்து அதைத் தூக்கினாள், கனம் தாங்காமல் கை கொஞ்சம் தடுமாறியது.

வெள்ளத்தாயி பாய்ந்து வந்து அண்டாவின் அடியில் கை கொடுத்தாள்.

"பாத்து எறக்கு ஆத்தா," என்றாள் மகளிடம். "போன தடவ எல்லாத்தையும் ஒடச்சுப்புட்டோம்."